எதிரிக்கு ஒரு பெயர் உண்டு

ஓய்வுபெற்ற நீதிபதி ஜெயசீலன் போய்விட்டார் என்று கோர்ட் ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது, பள்ளிகொண்டா தாண்டிப் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். செய்திக்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை, கோபம்தான் வந்தது. ஓய்வுபெற்று இரண்டு வருடம்கூட அந்த மனிதர் நிம்மதியாக வீட்டில் உட்காரவில்லை.

உங்களில் பலருக்கு அவரை நீதிபதியாகத்தான் தெரியும். நான் ஆம்பூர் கோர்ட்டில் தட்டச்சராகச் சேர்ந்த புதிதில் அவர் இலவச சட்ட உதவி வக்கீல். வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்கு வாதாடுவார். மற்றவர்கள் ஓசி வக்கீல் என்று கேலி செய்வார்கள். "ஓசி சோறுன்னாலும் உப்பு சரியா இருக்கணும் இல்ல?" என்று சிரித்துவிட்டு வழக்குக் கட்டைப் பிரித்துப் படிக்க உட்கார்ந்துவிடுவார்.

அப்போது ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்த அமுலு மீது, தோல் துண்டுகளைத் திருடியதாக அங்கத்திய மேனேஜர் கொடுத்த ஒரு வழக்கு. கோர்ட் காகிதத்தில் குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்றுதான் எழுதுவோம். டவாலி வாசலில் நின்று, வழக்கு எண்ணைச் சொல்லி, எதிரி ஆஜரா என்று மூன்று முறை கூப்பிட்டார். யாரும் வரவில்லை. மாஜிஸ்திரேட் பிடிவாரண்ட் போடச் சொன்னார், நான் டைப் அடிக்கத் தொடங்கினேன். வாரண்ட் போனால் அமுலு வேலூர் ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான். வீட்டில் பால்குடி மறக்காத பெண் குழந்தை.

ஜெயசீலன் எழுந்து வெளியே போய் அவளைக் கையோடு கூட்டி வந்தார். காலையிலிருந்து வராந்தாவில்தான் நின்றிருக்கிறாள். கூப்பிட்டபோது ஏன் வரவில்லை என்று மாஜிஸ்திரேட் அதட்டினார்.

"எதிரின்னு கூப்ட்டாங்க சார். மேனேஜரத்தான் கூப்புடறாங்கன்னு நெனச்சிட்டேன்."

கோர்ட்டே சிரித்தது. ஜெயசீலன் மட்டும் சிரிக்கவில்லை. வாரண்ட் நின்றது, பிற்பாடு அவர் வாதாடி வழக்கிலும் அமுலுவுக்கு விடுதலை கிடைத்தது.

அப்புறம் அவர் தேர்வு எழுதி நீதிபதியாகி, எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் வேலூருக்கு வந்தார். நானும் மாற்றலாகி அங்கேதான் இருந்தேன். முதல் நாளே, தீர்ப்பில் எதிரி என்று போட வேண்டாம், ஆளின் பெயரைப் போடுங்கள் என்றார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது என் விரல்களுக்குத்தான் பொருந்தும். "உங்க கம்ப்யூட்டருக்கு ஜனங்க மேல கோபம் ஜாஸ்தி, மேடம்" என்று திருத்தித் தருவார்.

ஒருநாள் அவரே வாய் தவறினார். கூடப்பிறந்தவனை வெட்டிய, திமிரி ஊர்க்காரர் ஒருவருக்குத் தீர்ப்பு. ஓரிடத்தில் எதிரி என்று அவர் சொல்லியிருக்கிறார், நானும் அடித்திருக்கிறேன். வாசிக்கும்போது கண்ணில் பட்டதும் நிறுத்தினார். பேனாவால் அடித்துவிட்டு முனுசாமி என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு ஆயுள் தண்டனையை வாசித்தார். தண்டனையில் ஒரு நாளும் குறையவில்லை. அறைக்கு வந்ததும், "தண்டனை குடுக்கலாம் மேடம். பேரப் புடுங்கிக்கக் கூடாது" என்றார். அன்று அவர் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

ஆம்பூரில் அடக்கத்துக்கு அமுலு வந்திருந்தாள், பக்கத்தில் கல்லூரிக்குப் போகும் மகள். என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு நான் வெளிய நிக்கறது அவருக்கு மட்டுந்தான் தெரிஞ்சுது, இல்லக்கா?" என்றாள். நான் தலையாட்டினேன்.

அது பொய். அன்று காலை வராந்தாவில் நின்றவளுக்குத் தண்ணீர் கொடுத்துப் பெயர் கேட்டவள் நான். தெரிந்தேதான் வாரண்ட்டை அடித்தேன். எழுந்து சொல்வது என் வேலையில்லை என்று இருந்துவிட்டேன். அவர் வெளியே போகும் முன் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். கடைசிவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் பார்வைதான் என்னிடம் இருக்கிறது. இப்போதெல்லாம் கூப்பிட்டு யாரும் வராவிட்டால், வாரண்ட் அடிக்கும் முன் எழுந்து வராந்தாவரை போய்வருகிறேன். போன வாரம் தூணோரம் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பெயரைக் கேட்டு, உள்ளே வந்து சொன்னேன்.