இழுப்பறையில் கிடந்த பாஸ்போர்ட்டுகள்

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். யாரும் என்னை ஏமாற்ற முடியாது என்ற எண்ணம் எனக்கு உண்டு.

சென்ற விடுமுறையில் மெல்போர்னிலிருந்து தோழி சரோஜாவுடன் தென் இத்தாலியில் ஒரு பழைய மலையூரைப் பார்க்கப் போனேன். விடுதிக்கார அம்மாள் எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கி இழுப்பறையில் போட்டார். அவை போனால் ஊர் திரும்ப முடியாது.

"பொலிசில பதியத்தானடி வாங்கிறா," என்றாள் சரோஜா.

நான் நம்பவில்லை. கோட்டையைப் பார்க்கும்போதும் மனம் இழுப்பறையிலேயே இருந்தது. மறுநாள் காலை அம்மாள் பால் வாங்கப் போனதும், இழுப்பறையைத் திறந்து மேலே கிடந்த நீல அட்டைப் பாஸ்போர்ட்டுகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினோம். பாலோடு திரும்பிய அவர் கத்தியபடி துரத்திவந்தார்.

"பாத்தியே, விடமாட்டா!" என்றேன்.

மூச்சிரைக்க அவர் நீட்டியவை எங்கள் பாஸ்போர்ட்டுகள். நான் எடுத்தவை யாரோ வயதான தம்பதியுடையவை.

"பெரிய படிச்சவள்! பேரை வாசிக்கேல்லையோ?" என்றாள் சரோஜா.

இப்போதும் எனக்குச் சந்தேகம் வரும். ஆனால் முதலில் அட்டையைத் திறந்து பெயரை வாசிக்கிறேன்.