அக்கா என்று சொல்ல ஓர் ஆள்

யாரும் படக்கூடாத துன்பத்தில் இருக்கிறவர்கள்மேல் பொறாமை வருமா? எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்த தோழிகள் எழுதுங்கள்.

இன்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, ஜெயில் வாசல் புளியமரத்தடியில் வெயிலுக்கு ஒதுங்கினேன்.

ஊர்வலத்தில் பிடிபட்டவர்களைப் பார்க்க வந்த பெண்கள் ஒரே தூக்குச்சட்டியில் சோறு எடுத்துச் சாப்பிட்டார்கள். போன மாதம்வரை ஒருவரையொருவர் அறியாதவர்கள். அவர்கள் சிரித்த சிரிப்பில் வார்டரே திரும்பிப் பார்த்தார். எங்கள் ஆசிரியைகள் அறையில் இருபது வருஷமாக என்னோடு அப்படிச் சிரிக்க ஓர் ஆள் இல்லை.

"டீச்சரு, ஒங்களுக்கு யாரு உள்ள?" என்றாள் கீரை விற்கும் வெள்ளையம்மா.

"யாருமில்லை."

"அடப் பாவமே!" என்று எல்லோரும் இரங்கினார்கள்.

"வில்லாபுரத்துத் தம்பி ஒருத்தரு உள்ள இருக்காரு. பொம்பளப்புள்ள பொறந்திருக்கு. போய்ச் சொல்ல ஆளில்ல. சொந்தக்காரங்களத்தான் விடுவாங்க, எங்க மொகமெல்லாம் வார்டருக்குத் தெரியும். நீங்க அவருக்கு அக்கான்னு போறீகளா?"

"நான் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவள். யோசிக்கிறேன்" என்றேன்.

இதைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்குள் மறுநாளும் வந்துவிட்டது. அரைநாள் லீவு போட்டு, வழியெல்லாம் "அக்கா, அக்கா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

எங்கிருந்தோ வந்த சுண்டல்காரி ஒருத்தி அதற்குள் அக்காவாகப் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் அழுதாராம்.

"நீங்க வரமாட்டீகன்னு நெனச்சுட்டோம். உக்காருங்க, சோறு இருக்கு" என்று வெள்ளையம்மா நகர்ந்து இடம் விட்டாள்.

உட்கார்ந்து சாப்பிட்டேன். சுண்டல்காரி பக்கத்தில் மட்டும் உட்காரவில்லை.