இன்சூரன்ஸ் தாளில் ஆறாவது வரி

எனக்கு எழுபத்தி நாலு வயசு. நான் பெத்தது அஞ்சு. என் தங்கச்சி மவுத்தான பிறகு அவள் பிள்ளைகள் ரெண்டு. ஆக ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன், ஒருத்தர் வாசலிலும் போய் நின்னதில்லை. படிப்பு மூணாங் கிளாஸ் வரைக்கும்தான். கையெழுத்துப் போடுவேன், எழுத்துக் கூட்டிக் கடைப் பலகை வாசிப்பேன். அதனால நான் சொல்லச் சொல்ல என் மூத்த மகனுடைய மகள் இதை எழுதுகிறாள்.

அஞ்சு வருஷத்துக்கு முந்தி நடந்தது இது. அப்பவும் நான் ஷார்ஜாவில் இந்த மகனோடுதான் இருந்தேன். தொழில்பேட்டையில் அவனுக்குப் பழைய வண்டிச் சாமான் கடை. என் மகள் ஒருத்தி பஹ்ரைனில், ஈசா டவுனில் இருக்கிறாள். அவள் மாப்பிள்ளை அங்கே ஸ்கூலில் கணக்கு வாத்தியார். "பத்து நாள் வந்து இருந்துட்டுப் போங்க உம்மா" என்று அவள் போனில் கூப்பிடாத வாரமில்லை. சரி, நானும் மகனும் போய் வருவோம் என்று முடிவாச்சு.

பஹ்ரைனை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பேரைக் கேட்டுக் கேட்டே என் காலம் போனது. என் வீட்டுக்காரர், இவங்க வாப்பா, அங்கேதான் ஒரு துணிக்கடையில் இருபது வருஷம் வேலை பார்த்தார். அங்கேதான் மவுத்தானார். அடக்கமும் அங்கேதான். அப்ப என் மூத்த மகனுக்குப் பதிமூணு வயசு.

டிக்கெட் போட்ட கையோடு, "உம்மாவுக்கு இன்சூரன்சும் எடுத்திரணும்" என்றான் மகன். அந்த வருஷம்தான் எனக்கு நெஞ்சு வலி வந்து, இருதயம் பலவீனமா இருக்குன்னு டாக்டர் சொல்லியிருந்தார். ரோலா கடைத்தெருவில் ஒரு டிராவல்ஸ் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனான். மேசையில் உட்கார்ந்திருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். நல்ல மரியாதை. எனக்கு மட்டும் கை வைத்த நாற்காலி இழுத்துப் போட்டார்.

"அம்மாவுக்கு நோய் எதுவும் உண்டா?"

"இல்லை" என்றேன் நான்.

"இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுறாங்க" என்றான் மகன்.

"அதை ஊருக்கெல்லாம் தண்டோரா போடணுமா?"

அந்தப் பையன் சிரித்துவிட்டு, "சொல்லணும்மா. மறைச்சு வாங்கினா, நாளைக்கு ஒண்ணுன்னா இந்தத் தாளுக்கு மதிப்பே இருக்காது. டாக்டர் கடிதாசியைச் சேர்த்து வச்சா அதையும் ஒத்துக்குவாங்க" என்றார். மகன் கடிதாசியைப் பையிலேயே வைத்திருந்தான். எனக்குத் தெரியாமல் வாங்கி வைத்திருக்கிறான்.

ரெண்டு தாளை எடுத்து வைத்தார். ஒண்ணு வெள்ளை, ஒண்ணு நீலம். நீலத்தில் விரல் வைத்து வரி வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் படுத்தால் இது. மருந்துக்கு இது. விமானம் தாமதமானால் இது. பாஸ்போர்ட் தொலைஞ்சால் இது. பெட்டி தொலைஞ்சால் இது.

"பெட்டி தொலைஞ்சா தருவீங்க. நான் தொலைஞ்சா?" என்று கேட்டேன்.

"உங்களைத் தொலைக்க பாய் விடுவாரா?" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்தார்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாவிட்டாலும் எண்ணத் தெரியும். தாளில் ஆறு வரி இருந்தது. சொன்னது அஞ்சு. "தம்பி, ஒரு வரியை விட்டுட்டீங்களே" என்றேன். அவர் என் மகன் முகத்தைப் பார்த்தார். மகன் கண்ணாடிக்கு வெளியே ரோட்டைப் பார்த்தான்.

"மறைக்காம சொல்லணும்னு இப்பத்தானே எனக்குச் சொன்னீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தி, "போன இடத்துல ஏதும் ஆயிட்டா, உடலைச் சொந்த ஊருக்கே கொண்டு போய்ச் சேர்க்கிற செலவும்மா. அது நீலத்துல உண்டு, வெள்ளையில கிடையாது. மத்ததெல்லாம் ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

"அப்ப வெள்ளையை எழுதுங்க. எங்கே மவுத்தோ அங்கே மண். எங்க வழக்கம் அது."

"நீலம் எழுதுங்க தம்பி" என்றான் மகன்.

"உங்க வாப்பாவுக்குச் செஞ்சது எனக்குப் போதும்."

"அதுக்குத்தான் சொல்றேன்" என்றான். வெள்ளைத் தாள்மேல் கையை விரித்து வைத்துக்கொண்டான். "அன்னைக்கு என்ட்ட யார் கேட்டீங்க?"

அன்னைக்கு நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். இவன் வாப்பா மவுத்தான செய்தி டிரங்கால் வழியாக எதிர் வீட்டுக்கு வந்தது. கடை முதலாளி கேட்டது ஒரே கேள்விதான். ஊருக்கு அனுப்பவா, இங்கேயே அடக்கவா? பெரியவங்களெல்லாம் ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்தபோது, நான் கதவுக்குப் பின்னால் நின்று, "அங்கேயே அடக்கச் சொல்லுங்க, தாமதிக்க வேணாம்" என்றேன். அதோடு பேச்சு முடிந்தது. அல்லாஹ்மேல் இத்தனை ஈமான் எந்தப் பொம்பளைக்கு வரும் என்று தெருவே சொன்னது. அந்தப் பேரை நானும் நகை மாதிரி போட்டுக்கொண்டுதான் இத்தனை காலம் நடந்தேன்.

என் மகன் அந்த மேசையில் பேச ஆரம்பித்தான். வேற்று ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்றும் பார்க்கவில்லை. "வெள்ளிக்கிழமை தொழுதுட்டு எல்லாப் பயலும் மையவாடிக்குப் போவான், அவனவன் வாப்பா கபர்ல போய் நிப்பான். நான் எங்கே போய் நிக்க? வேலி ஓரத்துல எழுத்தழிஞ்ச கபர் ஒண்ணு கிடந்துச்சு. யாருதுன்னே தெரியாது. அதுக்கிட்டப் போய் நின்னு எங்க வாப்பாவுக்குன்னு துஆ கேட்டுட்டு வருவேன். நாலு வருஷம் அப்படித்தான் உம்மா. என் பிள்ளைகளை அப்படி நிக்க விட மாட்டேன்."

நீலத் தாளில் அவன் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வோர் எழுத்தாகப் போட்டேன்.

பஹ்ரைனில் இறங்கின மறுநாளே மருமகனைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை, இவன் வாப்பா கபரு இருக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சுத் தரணும்" என்றேன்.

"முப்பது வருஷத்துக்கு மேலாச்சே மாமி. இங்கே பேர் எழுதி வைக்கிறதும் இல்லை."

"கணக்கு வாத்தியார்தானே நீங்க. கண்டுபிடிங்க."

பாவம், மூணு நாள் ஸ்கூல் விட்டதும் அலைந்தார். பழைய முதலாளியுடைய மகனைப் பிடித்து, அவர் மூலமாக மையவாடி எது, எந்தப் பக்கம் என்று விசாரித்துவிட்டார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வண்டியில் போனோம். நீளமான மதில். உள்ளே ஒரு மரம்கூடக் கிடையாது. எங்க ஊரில் பொம்பளைகள் மையவாடிக்குள் போகிற வழக்கமில்லை. எந்த ஊருக்குப் போனாலும் என் வழக்கம் என்னோடுதான். நான் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டேன். அவங்க ரெண்டு பேரும் உள்ளே போனாங்க.

நல்ல வெயில். ஏசியைப் போட்டுவிட்டுத்தான் போயிருந்தாங்க, ஆனாலும் எனக்கு வேர்த்தது. ரொம்ப நேரம் கழித்து மகன் மட்டும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். முழங்காலில் மண். மருமகன் வெளியிலேயே நின்றுகொண்டார்.

"பார்த்தியாப்பா?"

"ஒரு வரிசையைக் காட்டினாரு காவக்காரர். அதுல மூணு கல்லு. மூணுல ஒண்ணுதான், எதுன்னு சொல்ல முடியலன்னுட்டாரு. மூணு பேருக்கும் ஸலாம் சொன்னேன்." முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, "போதும் உம்மா" என்றான்.

அந்தப் போதும் என்ற சொல்தான் என்னைப் பேச வைத்தது. எங்க தெருவில் ஒருத்தரைச் சவூதியிலிருந்து பெட்டியில் கொண்டு வந்தாங்க, என் வீட்டுக்காரர் மவுத்தாவதற்கு முந்தின வருஷம். காயிதம் முடிய நாற்பது நாள் ஆகிவிட்டது. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று ஆம்பிளைகள் தடுத்தும், அந்த மனைவி கேட்கவில்லை. திறந்தாங்க. அவள் பக்கத்தில் நான் நின்றேன். அதற்குப் பிறகு அவளுக்குத் தன் புருஷன் முகம் நினைவுக்கு வந்ததே இல்லை, அந்தப் பெட்டிக்குள் பார்த்ததுதான் வருமாம். என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

"எதிர் வீட்டுல போன் வந்தப்ப எனக்கு அந்தப் பெட்டிதான் கண்ணுக்குள்ள நின்னுச்சு. அங்கேயே அடக்குங்கன்னு சொன்னது ஈமான்ல மட்டுமில்லை. பயத்துலயும் சொன்னேன். லீவு முடிஞ்சு போறப்ப வாசல்ல திரும்பிப் பார்த்தாரே, அந்த முகம் எனக்கு வேணும்னு இருந்துச்சு. உன்னை நினைக்கல. நீ சின்னப் பிள்ளைன்னு விட்டுட்டேன்."

"இத்தனை வருஷம் ஏன் உம்மா சொல்லல?"

"நீ கேக்கலையே."

"நீங்க கேக்க விட்டாத்தானே?"

அது மெய்தான். அவன் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் அப்படிச் செய்ததில்லை. மருமகன் கண்ணாடியைத் தட்டினபோது அஸர் பாங்கு சொல்லத் தொடங்கிவிட்டது.

பத்து நாளும் சுகமாக இருந்துவிட்டுத் திரும்பினோம். அந்த நீலத் தாளுக்கு வேலை வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அதற்குப் பிறகும் ரெண்டு தடவை மகள் வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும், "எதை எழுத உம்மா?" என்று மகன் கேட்டான். "நீ எதைச் சொல்றியோ அதை" என்றேன்.

மவுத்தானவங்களுக்கு எந்த மண்ணும் ஒண்ணுதான், இன்னைக்கும் எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் போய் நிற்க ஓர் இடம் வேணும் என்கிறவங்க பின்னால் இருக்காங்க. ஒரு தடவை நான் எல்லாருக்கும் சேர்த்து முடிவு சொல்லிவிட்டேன். இன்னொரு தடவை சொல்ல மாட்டேன். நான் ஷார்ஜாவில் கண்ணை மூடினாலும், பஹ்ரைனில் மூடினாலும், ஊரில் மூடினாலும், என்னை எங்கே வைக்கிறது என்று என் மூத்த மகன் சொல்லட்டும். மத்த ஆறு பேரும் அதற்குக் கட்டுப்படணும். பெரியவங்க யாரும் குறுக்கே பேச வேண்டாம்.

எழுதிட்டியாம்மா? அந்தக் கடைசியில் சொன்னதை நான் சொன்ன மாதிரியே போட்டிருக்கியா? உன் வாப்பா கடையை அடைச்சுட்டு வர்றதுக்குள்ளே, முதல்லேருந்து ஒரு தடவை எனக்கு வாசிச்சுக் காட்டு.