பரிமாற்ற மாணவனுக்கு நண்டுக் கறி

எங்கள் சட்ட அலுவலகத்தைப் பற்றி வெளிநாட்டில் எழுதப்பட்ட முதல் அறிக்கையில் நண்டுக் கறி நான்கு இடங்களில் வருகிறது. சட்டம் ஓரிடத்தில்தான் வருகிறது. அதுவும், அதைக் கற்கவில்லை என்று சொல்வதற்காக. பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாட்டு மாணவரை எடுக்க ஆசைப்படும் இளம் சட்டத்தரணிகள் இதை வாசித்துவிட்டு எடுக்கட்டும்.

திட்டம் இவ்வளவுதான். வெளிநாட்டுச் சட்டபீடம் ஒன்றின் மாணவர் ஒருவரை நாங்கள் ஆறு கிழமை, ஒன்றரை மாதம், வேலைக்கு வைத்திருக்க வேண்டும். அவர் திருப்தி என்று எழுதினால் எங்கள் மாணவி ஒருவருக்கு அங்கே அதேபோல வேலை பழக இடம். எங்கள் மாணவி ரிஸ்னா மூதூர்ப் பிள்ளை, சட்டபீடத்தில் மூன்றாம் வருடம். விடுமுறை முழுக்க என்னிடம்தான் வேலை பழகினாள்.

வந்தவன் யொனாஸ், ஜெர்மன்காரன். துறைமுகப் பட்டினம் என்றதும் கப்பல் வழக்குகளைக் கனவு கண்டு வந்திருக்கிறான். எங்களிடம் இருந்ததோ சாம்பல்தீவுக் காணிப் பிரிவினை வழக்கு. அதையாவது கொடுத்திருக்கலாம். முதல் நாள் அவன் ஃபைலைத் தூக்கப் போக, என் கிளார்க் அன்ரன் பாய்ந்து பறித்தார்.

"விடுங்கோ தம்பி, நீங்கள் இருங்கோ! மிஸ், வீடு தேடி வந்த மனிசனிட்டை வேலை வாங்கினா ஊர் என்ன கதைக்கும்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஃபானுக்குக் கீழே இருந்த என் கதிரையை அவனுக்குக் கொடுத்தேன். அன்ரன் வீட்டிலிருந்து நண்டுக் கறி வந்தது, ரிஸ்னாவின் உம்மா இனிப்புக்கு வட்டிலப்பம் அனுப்பினார். நீதிமன்றத்துக்குக் கொடுக்க அவன் எழுத வேண்டிய சத்தியக்கடதாசிகளை ரிஸ்னாவே எழுதினாள். "நான் ஏதாவது செய்யட்டுமா?" என்று தினமும் ஆங்கிலத்தில் கேட்டான். நாங்கள் இன்னொரு கரண்டி போட்டோம்.

அவன் திரும்பிப் போனதும் அறிக்கை வந்தது. அன்பான மனிதர்களாம், வேலை எதுவும் தரவில்லையாம். ரிஸ்னாவின் இடம் ரத்து.

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. "வட்டிலப்பம் அனுப்பினது நாங்கதானே, மிஸ்," என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்தது அவளுக்குக் கடைசி வருடம், கடைசி வாய்ப்பு. திட்டக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஈவா என்ற மாணவியை எடுத்தேன். வந்த அன்றே ஃபைல் கட்டைக் கையில் கொடுத்தேன். வழக்குக் கூப்பிடும் வரை கோட்டு வராந்தாவில் கால் கடுக்க நின்றாள். பிழையாக எழுதிய சத்தியக்கடதாசியை மூன்று தரம் திருப்பி எழுதுவித்தேன். ஒருநாள் அழுதேவிட்டாள்.

"பாவம் மிஸ், குடிக்க ஒரு பிளேன்ரீயாவது குடுப்பமே?" என்றார் அன்ரன்.

"ஏலாது!"

மிகச் சிறந்த பயிற்சி என்று எழுதிவிட்டுப் போனாள். வந்தவருக்கு வேலை கொடுப்பதும் மரியாதைதான். இருபது வருடமாகக் கோட்டு ஏறி இறங்கியும் எனக்கு அது விளங்க ஒரு ஜெர்மன் பொடியன் ஆறு கிழமை சும்மா இருந்து நண்டு தின்ன வேண்டியிருந்தது.

ரிஸ்னா போனாள். முதல் நாளே, அங்கே மத்தியான நேரம், அழைப்பு எடுத்தாள்.

"மிஸ், சாப்பிட்டீங்களா எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. மேசையில எட்டு ஃபைல வெச்சிட்டுப் போயிட்டாங்க."

"அப்ப நல்ல இடம்தான் பிள்ளை. இருந்து செய்."

அன்ரனுக்குப் பொறுக்கவில்லை. போனைப் பறித்தார்.

"பிள்ளை, என்ன சாப்பிட்டனீங்கள்?"

அதுவரை நன்றாகக் கதைத்தவள் விம்மத் தொடங்கினாள். நான் போனைத் திருப்பிப் பறித்துக் கட் பண்ணினேன். அவளுக்கு வேலை கிடந்தது.