எண்ணெய்க்கு விட்ட அறை

தெருவில் அவளைக் காஜா அக்கா என்றுதான் சொல்வார்கள். சட்டைக் கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாகச் சட்டைகள் வரும். பொத்தான் துளைகளுக்கு ஓரம் கட்டிக் காஜா எடுத்து, பொத்தான் வைத்து, மடித்து அனுப்ப வேண்டும். இருபது வருடமாக அதுதான் அவள் பிழைப்பு. கல்யாணமான எட்டாம் மாதம் புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். அப்போது அப்பா உயிரோடிருந்தார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டின் வடக்குப் பக்க அறையை ஒழித்துக் கொடுத்தார். கெட்டிச் சுவர், சின்ன ஜன்னல், கோடையிலும் தரை சில்லென்றிருக்கும். சாகும்போது, அந்த அறை அவளுக்குத்தான் என்று தம்பியிடம் வாயால் சொல்லிவிட்டுப் போனார். எழுதி வைக்கவில்லை.

தம்பி ஜெனரேட்டர் மெக்கானிக். கை சுத்தமான வேலைக்காரன், ஆனால் அவன் சொன்னதுதான் சட்டம். ஒருநாள் மத்தியானம் ஒரு சின்ன லாரி வாசலில் வந்து நின்றது. மூடப்போகிற கடையொன்றிலிருந்து அறுபது டின் இன்ஜின் ஆயிலை மொத்தமாகப் பேசி வாங்கிவந்திருந்தான். விலை ஏறப்போகிறது, ஏறியதும் விற்றால் சொந்தமாக ஒரு பட்டறையே போட்டுவிடலாம் என்பது கணக்கு. அதற்காக அவன் மனைவியின் கையில் கிடந்த அம்மா வீட்டு வளையல்கள் இரண்டும் அடகுக்குப் போயிருந்தன. அவள் வெறுங்கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டு நின்றாள்.

சரக்கை எங்கே வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆயில் வெயிலில் இருக்கக் கூடாது, ஈரத்திலும் இருக்கக் கூடாது. வீட்டில் அப்படிப்பட்ட இடம் ஒன்றுதான். அன்று சாயங்காலத்துக்குள் காஜா அக்காவின் தையல் மெஷினும் பெட்டியும் பாயும் கொல்லைப்பக்கத் தகரக் கொட்டகைக்குப் போய்விட்டன. பழைய ஜெனரேட்டர் உருப்படிகள் கிடந்த இடம் அது.

"கொஞ்ச நாளைக்குத்தான்க்கா. எண்ணெய்க்கு வெயில் ஆகாது," என்றான் தம்பி.

தனக்கு ஆகுமா என்று அவள் கேட்கவில்லை.

கோடையில் கொட்டகை அடுப்பாகக் கொதித்தது. வியர்வை சொட்டி வெள்ளைச் சட்டைகளில் கறை விழுந்தது. கம்பெனிக்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு வெள்ளைச் சட்டை அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். மழைக்காலத்தில் தரை ஊறி, பாய்க்கடியில் பலகை போட்டுப் படுத்தாள். இருமல் பிடித்தது, பிடித்தது விடவில்லை. தம்பி மனைவிதான் காலையும் மாலையும் தேநீர் கொண்டுவந்து கொடுத்து, பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். அந்த வீட்டில் அவளிடம் முகம் கொடுத்துப் பேசியது அந்த ஒருத்திதான்.

வாரத்துக்கொரு முறை டின்களைத் துடைத்து அடுக்குகிற வேலையையும் தம்பி அக்காவிடமே விட்டிருந்தான். துடைக்கும்போது அவள், டின்கள் வந்த அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்ததைப் படித்தாள். வெயிலும் ஈரமும் படாமல் வைக்கவும் என்று ஒரு வரி. தம்பி படித்தது அதோடு சரி. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி: தயாரித்த தேதியிலிருந்து ஐந்து வருடத்துக்குள் பயன்படுத்தவும். தேதி எங்கே என்று தேடினாள். டின்னைக் கவிழ்த்தால் அடியில் குத்தியிருந்தது. வாங்கின அன்றைக்கே அதற்கு மூன்றரை வயது ஆகியிருந்தது.

கையைக்கூடக் கழுவாமல் ஓடினாள். தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சீக்கிரம் வித்துடு, இந்த எண்ணெய் ரொம்ப நாள் தாங்காது, கெட்டுப்போகும் என்று ஆரம்பித்தாள். தேதியைச் சொல்ல அவன் விடவில்லை.

"பூமிக்குள்ள கோடி வருஷம் கெடாம கெடந்த எண்ணெய், என் வீட்டுல வந்து கெட்டுப்போயிடுமா?" என்றான். பிறகு தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்: "எட்டே மாசத்துல திருப்பி அனுப்பின சரக்கு நீ. எது கெடும், எது கெடாதுன்னு உங்கிட்டயா நான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்?"

சாதம் பரிமாறிக்கொண்டிருந்த மனைவியின் கை அப்படியே நின்றுவிட்டது. காஜா அக்கா கொட்டகைக்குத் திரும்பி மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். அன்று மூட்டையில் மிச்சமிருந்த நாற்பது சட்டைகளையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அதற்குப் பிறகு அந்தத் தேதியைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மாதங்களை மட்டும் எண்ணிக்கொண்டு வந்தாள்.

சரக்கு வாங்கி ஒரு வருடம் ஆனபோது விலை ஏறியது. வாடகை வேன்கள் வைத்திருக்கும் ஒருவர் தேடி வந்து, மொத்தச் சரக்கையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நல்ல விலைதான். எண்ணெய்க்கு இன்னும் ஆறு மாதம் ஆயுள் இருந்தது. தம்பி, இன்னும் ஏறும், அப்போது பார்க்கலாம் என்று பிடிகொடுக்காமல் பேசினான். காஜா அக்கா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஆறு மாதம்தான் இருக்கிறது என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேரம் அங்கேயே முடிந்திருக்கும், வளையல் திரும்பியிருக்கும், அவள் அறையும் காலியாகியிருக்கும். சொம்பை வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அவர் வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டபோது அவளுக்கு வயிறு குளிர்ந்தது. அந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபிறகு அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை.

சரக்கு வாங்கி மூன்று வருடம் முடிந்தபோது தம்பிக்குக் கைநெருக்கடி. அவனே போய் வேன்காரரை அழைத்துவந்தான். இந்த முறை அவர் உள்ளே வந்து சரக்கைப் பார்த்தார். ஒரு டின்னைத் திறந்து வாளியில் மெல்லச் சாய்த்தார். மேலாக எல்லாம் தேன் மாதிரி ஓடியது. அடியில் இருந்தது ஓடவில்லை. விரலை விட்டு வழித்து எடுத்தார். பழுப்பு நிறத்தில் கூழ் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. டின்னைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"ஆறரை வருஷம் ஆச்சே தம்பி. இத ஊத்துனா என் வண்டி இன்ஜின நானே கொன்ன மாதிரி."

தம்பி பூமிக் கதையை மறுபடி ஆரம்பித்தான். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பூமியில கெடந்தது வெறும் எண்ணெய். இதுல மருந்து கலந்திருக்கு. மருந்துதான் இப்படிக் கீழ எறங்கிடும். நீங்க மெக்கானிக், உங்களுக்கு நான் சொல்லணுமா?"

தம்பிக்கு முகம் கறுத்துவிட்டது. அக்கா பக்கம் திரும்பினான். சரக்கு அவள் பொறுப்பில்தான் இருந்தது, மழையில் ஜன்னலைத் திறந்து போட்டிருப்பாள், ஒரு வேலைக்கும் லாயக்கில்லாதவள் என்று அந்த ஆள் முன்னாலேயே பொரிந்து தள்ளினான். காஜா அக்கா சிரித்தாள். சிரிக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை, இருமலோடு சேர்ந்து வந்துவிட்டது. தம்பி பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான். வாசல் பக்கம் நின்ற அவன் மனைவியும் பார்த்தாள்.

கட்டட வேலைக்காரர் ஒருவர், கான்கிரீட் ஒட்டாமலிருக்கச் சென்ட்ரிங் பலகையில் பூசுவதற்கு ஆகும் என்று அறுபது டின்னையும் ஏற்றிக்கொண்டு போனார். கிடைத்தது லாரி வாடகைக்குக்கூடக் காணாது. தம்பி அன்றிலிருந்து அக்காவோடு பேசவில்லை.

மறுநாள் தம்பி மனைவி கொட்டகைக்கு வந்தாள். தேநீர் கொண்டுவரவில்லை. உட்காரவும் இல்லை.

"அண்ணி, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அன்னிக்கு அவர் சொன்னது தப்புதான். நானும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். ஆனா எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"நீ கேக்கல."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

காஜா அக்கா ஊசியில் நூலைக் கோத்து முடிச்சுப் போட்டாள். பொய் சொல்லலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. எதிரில் நின்றவளின் வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"மாட்டேன்," என்றாள்.

தம்பி மனைவி தலையாட்டினாள், ஏதோ கடையில் விலை கேட்டுத் தெரிந்துகொண்டவள் மாதிரி. உள்ளே போய் வடக்கு அறையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினாள். ஜன்னலைச் சாத்தினாள். தம்பிக்கே மனம் கொஞ்சம் இளகி, அக்கா வேண்டுமானால் உள்ளே வந்து படுக்கட்டும் என்று முற்றத்தைப் பார்த்துச் சொன்னபோது, அவன் மனைவி கதவை இழுத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அங்க யாரும் வேண்டாம்," என்றாள்.

அந்த வருடம் மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. காஜா அக்கா பாய்க்கடியில் இன்னொரு பலகை சேர்த்துப் போட்டுக்கொண்டாள்.