எழுபத்திரண்டு கிலோ

எங்கள் தர்மபுரி புளி மண்டியில் எடை போடுகிறவருக்கு மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். எப்போதோ செத்துப்போன குத்துச்சண்டை வீரனையும் இன்றைய வீரனையும் கற்பனையில் மோதவிட்டு, யார் ஜெயிப்பான் என்று காற்றில் குத்திக் காட்டுவார். இருவரும் மிடில்வெயிட் என்ற எடைப் பிரிவாக இருக்க வேண்டும்.

மூட்டை தூக்கும் நான் ஒருநாள் தராசில் ஏறினேன். எழுபத்திரண்டு கிலோ.

“அட, மிடில்வெயிட்டு!” என்றார்.

கூச்சத்தோடு கேட்டேன். “என்னை யார்கூடங்க மோதவிடுவீங்க?”

“வேற யாரு, உங்கப்பன்தான். இங்க மூட்டை தூக்குனப்ப அந்தாளும் இதே எடை. ஒரு ரவுண்டு தாங்க மாட்ட. கையத் தூக்கித் தடுக்கக்கூட மாட்டயே நீ!”

மண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அப்பா தான் சாகும்வரை என்னை அடித்தார். ஒருமுறைகூட நான் கையைத் தூக்கித் தடுத்ததில்லை. யாரிடமும் சொன்னதுமில்லை. எங்கள் வீட்டுப் பக்கமே வராத எடை போடுகிறவருக்கு அது எப்படித் தெரிந்ததென்று இன்னும் புரியவில்லை.