கடல்ல மூழ்காத ரோபோவும் கண்ணுச்சாமி அண்ணனும்

கண்ணுச்சாமி அண்ணன் போயிட்டாரு... காலைல இருந்து எனக்கு கை கால் ஓடல.

எங்க காலேஜ் லேப் அசிஸ்டென்ட். விளாங்குடி வீட்ல, தூக்கத்துலயே ஹார்ட் அட்டாக்காம். வாட்ஸ்அப் குரூப்ல பாத்துட்டு எவனோ கிறுக்கன் தப்பா போட்டுட்டான்னு நெனச்சேன்.

நாங்க தண்ணிக்கடியில போற ரோபோ ஒண்ணு செஞ்சோம். மதுரைல கடலுக்கு எங்க போறது? அலங்காநல்லூர் பக்கம் அண்ணனோட மச்சான் தோட்டத்துக் கிணத்துலதான் டெஸ்டிங்.

"பாத்து இறக்கு மாப்ள, பம்புல சிக்குச்சுன்னா என் மச்சான் என்னையத் தூக்கி உள்ள போட்ருவான்"ம்பாரு.

கிணத்துல ஜோரா மூழ்குச்சு. அடுத்து மண்டபம் பக்கம் போட் பேசி கடலுக்கே போனோம்.

உப்புத்தண்ணி மேல தூக்கும், கூட வெயிட் வேணும்னு அண்ணன் ஈயக்கட்டிகள ஒரு பெட்டில போட்டு வேன்ல ஏத்தியிருந்தாரு. நான்தான் டீம் கேப்டனாச்சே... பேனருக்கும் ஸ்பீக்கருக்கும் இடம் பத்தலன்னு அந்தப் பெட்டிய இறக்கி வச்சிட்டேன். கிணத்துல மூழ்குனது கடல்ல மூழ்காதாங்கிற தெனாவட்டு.

கடல்ல விட்டா தக்கை மாதிரி மெதக்குது. எம்புட்டு அமுக்கியும் உள்ள போகல. போட்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறாரு.

"வெயிட் பாக்ஸ் எங்கப்பா?"ன்னு எங்க சார் கத்துனாரு.

"கண்ணுச்சாமி அண்ணன் ஏத்த மறந்துட்டாரு சார்." இதே வாயால சொன்னேன்.

அத்தன பேரு முன்னாடி அண்ணனுக்கு அம்புட்டு திட்டு. என்னைய ஒரு தடவ பாத்தாரு. "மறந்துட்டேன் சார்"னுட்டாரு.

திரும்பி வர்ற வழில பரோட்டாக் கடைல, "ஏன் மாப்ள சாப்பிடாம உக்காந்திருக்க?"ன்னு என்னையத்தான் கேட்டாரு. ச்சே... அப்பவாச்சும் சொல்லித் தொலைச்சிருக்கலாம்.

அடுத்த வருசம் மறுபடி கடலுக்குக் கிளம்புறோம். லேப் வாசல்ல நின்னு, "மாப்ள, எனக்கும் ஒரு சீட் இருக்கும்ல?"ன்னாரு. போன தடவ பெட்டிய மறந்தாருன்னு சார் அவரு பேர லிஸ்ட்ல இருந்து அடிச்சது எனக்கு முன்னாடியே தெரியும்.

"சார்ட்ட பேசுறேண்ணே"ன்னேன். அவரும் நம்பி, சட்டையெல்லாம் தேய்ச்சு வச்சிருந்தாராம். நான் பேசவே இல்ல.

சார், நீங்க என் ஃபிரெண்ட் லிஸ்ட்ல இருக்கீங்க, இதப் படிப்பீங்க. அண்ணன் எதையும் மறக்கல. பெட்டிய இறக்குனது நான்.

சாயங்காலம் விளாங்குடிக்கு வாரேண்ணே. மன்னிச்சிருங்க... சார்ட்ட இன்னைக்குத்தான் பேசுனேன்.